பெட்டியில் போட்டிருக்கிற அளவு

தம்பி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கோங்க. பெட்டிக்குள்ள இருக்கிறது கண்ணாடிச் சாமான். கண்டக்டர் பின்னாடி கொண்டுபோய் வைக்கச் சொன்னாரு. லக்கேஜ் வேணா போட்டுக்கோங்க, மடியை விட்டு இறக்க மாட்டேன்னுட்டேன். முறைச்சுட்டுப் போறாரு. போகட்டும்.

டிவி இல்லைங்க. எல்லாரும் டிவியான்னுதான் கேட்கிறாங்க. இது மானிட்டர். லேப்டாப்புல இருந்து ஒயர் போட்டுப் பெரிசாப் பார்க்கிறது. லேப்டாப் இந்தப் பையில இருக்கு. ரெண்டையும் தூக்கிக்கிட்டு மதுரைக்கு எத்தனை தடவை வந்துட்டேன்னு எனக்கே மறந்துபோச்சு. நீங்க எதுவரைக்கும்? அருப்புக்கோட்டையா? நானும் அங்கதான். அப்ப மெதுவாவே சொல்லலாம். அலுத்துப்போச்சு தம்பி. வீட்டுல சொல்ல முடியாது, யார்கிட்டயாவது சொன்னாத்தான் ஆறும்.

என் பேரு சங்கரலிங்கம். மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். கம்பத்துக் கம்பியில கரண்ட் ஓடுதா இல்லையான்னு கீழ நின்னே சொல்லுவேன். அப்பேர்ப்பட்டவனை இந்த ரெண்டு முழ ஒயர் ஆட்டி வச்சிருச்சு.

இது எனக்கு வாங்கினதில்லை, எங்க வீட்டுல அமுதவல்லிக்கு வாங்கினது. அவ வீட்டுல உட்கார்ந்தே டிடிபி பண்றா. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அவதான் டைப் அடிச்சு, பக்கம் கட்டிக் குடுப்பா. குருவையா அண்ணாச்சி பிரஸ்ல அச்சாகும். நம்ம பக்கத்துப் பத்திரிகை எப்படின்னு உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை பொண்ணு பேரு ஒரு மூலையில இருக்கும். தாத்தா, பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், பங்காளின்னு மத்த பேரெல்லாம் பக்கம் பக்கமா வரும். ஒருத்தர் பேரு ஒரு வரி கீழ போயிட்டா அந்தக் குடும்பமே கல்யாணத்துக்கு வராது. அமுதவல்லி கையில அப்படி ஒரு சண்டை வந்ததே இல்லை. அண்ணாச்சி அவளுக்குன்னே பெரிய பெரிய குடும்பத்துப் பத்திரிகையா எடுத்து வைப்பாரு. 'அக்கா பார்த்துட்டாங்கன்னா நான் பார்க்க வேண்டியதில்லை'ம்பாரு.

எனக்கு அவ மேல அக்கறை அதிகம். நானே சொல்லிக்கக் கூடாது. முன்னாடி ஒரு ஸ்கூட்டர் வச்சிருந்தா. மார்க்கெட், பிரஸ், அவ அக்கா வீடு, எல்லாம் அதுலதான் போவா. ஒருநாள் மணல்ல சறுக்கி விழுந்துட்டா. முழங்கையில சிராய்ப்பு, வேற ஒண்ணுமில்லை. நான் மறுநாளே ஸ்கூட்டரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுட்டேன். அதுக்கும் முன்னாடி தையல் மெஷின் இருந்துச்சு. தெருவுல பாதிப் பேரு ஜாக்கெட்டு அவ தச்சதுதான். ஊசி ஒருநாள் விரல்ல ஏறிருச்சு. அன்னைக்கே மெஷினை அவ தம்பி வீட்டுக்கு ஏத்திவிட்டாச்சு. கொஞ்ச நாள் என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. அப்புறம் சரியாயிட்டா. சாமான் போனா வாங்கிக்கலாம், மனுஷியை எங்க போய் வாங்குறது?

'இந்த டிடிபியையாவது விட்டு வைங்க'ன்னு ஒரு தடவை சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நான் எதுக்கு அதை எடுக்கப் போறேன்? உட்கார்ந்த இடத்துல பார்க்கிற வேலை. உடம்புக்கு ஒண்ணுன்னா அப்பப் பேசிக்கலாம். 'கண்ணு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, அந்த நிமிஷமே மூடி வச்சிருவேன்'னு அவகிட்டயே சொல்லியிருக்கேன். இன்னைவரைக்கும் அவ சொன்னதில்லை. அந்த மட்டுக்கும் நல்ல கண்ணு.

இந்த வைகாசி முகூர்த்தத்துலதான் சனியன் பிடிச்சுச்சு. பந்தல்குடிப் பக்கம் ஒரு குடும்பத்துப் பத்திரிகை. மாப்பிள்ளையோட தாத்தா இறந்துபோயிட்டாரு. அவர் பேருக்கு முன்னாடி தெய்வத்திருன்னு போடணும். அதுக்கு அடுத்த வரியில மாப்பிள்ளையோட பெரியப்பா. அவரு உசுரோட இருக்காரு, கல்லு மாதிரி இருக்காரு. அமுதவல்லி ஒரு வரி தள்ளிப் போட்டுட்டா. தாத்தா உசுரோட இருக்காரு, பெரியப்பா தெய்வத்திரு ஆயிட்டாரு. பத்திரிகை அச்சாகி, வெத்திலை பாக்கு வச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு.

அந்தப் பெரியப்பா நேரா பிரஸ்ஸுக்கே வந்துட்டாரு. வந்து ஸ்டூல்ல உட்கார்ந்து, 'நான் என்னைக்குச் செத்தேன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். கருமாதி எல்லாம் முடிஞ்சிருச்சா'ன்னு கேட்டிருக்காரு. பிரஸ்ல இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. அவரு சிரிக்கலை. கல்யாணத்துக்கும் போகலை. தம்பியும் அண்ணனும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லைன்னு கேள்வி.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தாரு. சத்தம் போடுற ஆள் இல்லை. காப்பியை ஆத்திக்கிட்டே, 'அக்கா, கண்ணாடி மாத்தி நாளாச்சோ? ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டிருங்களேன்'னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன்? என் பெண்டாட்டி கண்ணு எனக்குத் தெரியாதா? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவளே சொல்லிட்டா. 'கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இந்த லேப்டாப்பு ஸ்க்ரீன்தான் மங்கிப்போச்சு.' சொல்லிட்டு என்னைப் பார்த்தா.

பார்த்தீங்களா, அவ வாயால கேட்டது இல்லை, ஆனா எனக்குப் புரிஞ்சுபோச்சு. மறுநாளே மதுரைக்கு வந்து இதை வாங்கிட்டேன். கடையில இருந்ததுலயே பெரிசு. ஃபோர் கேன்னு சொல்றாங்க, புள்ளிக்குப் புள்ளி கணக்கு. இந்தாங்க, பெட்டி மேலயே போட்டிருக்கு பாருங்க.

அன்னைக்கு ஒயர் வாங்க மறந்துட்டேன். வீட்டுல பழைய செட்டாப் பாக்ஸோட ஒயர் கிடந்துச்சு. ரெண்டு பக்கமும் சொருகினேன், படம் வந்துருச்சு. எழுத்தெல்லாம் சும்மா பட்டாணி பட்டாணியாத் தெரிஞ்சுச்சு. அமுதவல்லி முகத்தைப் பார்க்கணுமே. நாற்காலியைப் பின்னாடி இழுத்துப் போட்டு, சாஞ்சு உட்கார்ந்தா. அதுவரைக்கும் லேப்டாப்பை மூக்கால தொட்டுக்கிட்டேதான் உட்காருவா. 'நல்லாயிருக்குங்க. பளிச்சுன்னு இருக்கு'ன்னா. அந்த வாரம் பூரா சமையக்கட்டுல ஏதோ முணுமுணுன்னு பாடிக்கிட்டே இருந்தா. ஒரு பெரிய பத்திரிகையை ஒரு தப்பு இல்லாம முடிச்சுக் குடுத்தா. அண்ணாச்சி போன் போட்டு, 'அக்கா பழையபடி வந்துட்டாங்க'ன்னாரு.

அத்தோட விட்டிருக்கலாம்னு நீங்க நினைப்பீங்க. நானும் விட்டிருப்பேன். சும்மா இருந்த நேரத்துல போன்ல ஒரு வீடியோ பார்த்தேன். மானிட்டர் முழு ரெசல்யூஷன்ல ஓடுதான்னு பார்க்கிறது எப்படின்னு ஒருத்தன் சொல்லிக் குடுக்கிறான். செட்டிங்ஸ்ல போய்ப் பார்த்தா, பெட்டியில போட்டிருக்கிறதுல பாதி கூட இல்லை. எனக்கு எப்படி இருக்கும்? முழுசுக்கு வாங்கிட்டுப் பாதி பார்க்கிறதா? பட்டாணி எழுத்தா இருந்ததுக்குக் காரணமே அதுதான். ரெசல்யூஷன் பத்தலை, அதான் எழுத்து ஊதிப்போய்த் தெரியுது. அமுதவல்லிகிட்ட சொன்னேன். 'இருக்கட்டுங்க, இதுவே போதும்'னா. அவ எப்பவும் அப்படித்தான். தனக்குன்னு ஒண்ணு கேட்டு வாங்கத் தெரியாதவ.

அப்புறம் ஆரம்பிச்சேன் அலைய. புது ஒயர் வாங்கினேன். கொஞ்சம் ஏறுச்சு, முழுசா வரலை. கடையில ஃபர்ஹானான்னு ஒரு பொண்ணு சர்வீஸ் பார்க்குது, கெட்டிக்காரி. லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்துட்டு, 'சார், இந்தக் குழியில அவ்வளவுதான் வரும். பக்கத்துல சின்னதா இருக்கு பாருங்க, டைப் சி, அதுல இருந்து இழுக்கணும்'னுச்சு. அதுக்கு வேற ஒயர். அது கடையில இல்லை, வரவழைக்கணும். வந்துச்சு. மாட்டினேன். வந்துருச்சு தம்பி, முழுசா. பெட்டியில என்ன போட்டிருக்கோ அது அப்படியே. எழுத்தைப் பெரிசு பண்ணிக் காட்டுற ஒரு செட்டிங் தானா நூத்தம்பதுன்னு வந்து நின்னுச்சு. அதையும் நூறுக்கு இறக்கிட்டேன். முழுசுன்னா முழுசா இருக்கணும்.

அடடா, அந்தத் துல்லியம். ஒரு பத்திரிகையோட எல்லாப் பக்கமும் ஒரே திரையில நிக்குது. பொடிப் பொடியா, எள்ளு தூவின மாதிரி எழுத்து. அமுதவல்லியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிட்ட வந்து, இன்னும் கிட்ட வந்து பார்த்தா. ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் 'உங்களுக்கு எதுக்கு இவ்வளவு சிரமம்'னா. சந்தோஷம் வந்தா அவளுக்குப் பேச்சு வராது.

இப்பத்தான் கதையே. மறுநாள் நான் முடிவெட்டப் போயிட்டு வந்து பார்க்கிறேன், பழையபடி பாதிக்கு இறங்கிக் கிடக்குது. பட்டாணி எழுத்து. மாத்தி வச்சேன். சாயங்காலம் ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்தேன், மறுபடியும் பாதி. நான் வீட்டுல இருந்தா அது அசையாம நிக்குது. நான் வெளிய போனா இறங்கிருது. ரெண்டே பேர் இருக்கிற வீடு. நான் தொடலை. அவகிட்டக் கேட்டேன், 'எனக்கென்னங்க தெரியும், தானா மாறியிருக்கும்'னா. சரிதானே, அவளுக்கு எதுக்கு அந்த வேலை?

நானும் கரண்டோட வாழ்ந்தவன், யோசிச்சேன். நான் வெளிய போறப்ப என் ரூம் ஃபேனை ஆஃப் பண்ணிட்டுப் போறேன். லோடு குறையுது. வோல்டேஜ் ஏறுது. அந்த ஏத்தத்துல மானிட்டர் தடுமாறுது. இப்படித்தான் இருக்கணும்னு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வச்சேன். கேட்கலை. ஃபேனை ஓடவிட்டுட்டே வெளிய போனேன். அப்பவும் கேட்கலை. லூஸ் கான்டாக்டோன்னு ஒயரை டேப் போட்டுச் சுத்தினேன். சிரிக்காதீங்க தம்பி. வைரஸா இருக்கும்னு அதுக்கும் ஒண்ணு போட்டாச்சு.

இதுல இன்னொரு கூத்து. திரை முழு அளவுல இருக்கிறப்ப இவ வேலை ஓட மாட்டேங்குது. நான் பக்கத்துலயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காவல் காக்கிறேன், மறுபடி இறங்காமப் பார்த்துக்கணுமே. இவ ரெண்டு வரி அடிப்பா, கழுத்து வலிக்குதும்பா, எழுந்திருச்சுப் பாத்திரம் விளக்கப் போயிருவா. விளக்கின பாத்திரத்தையே மறுபடி விளக்கிக்கிட்டிருப்பா. நான் வெளிய போயிட்டு வர்றப்ப வாசல்லயே கீபோர்டு சத்தம் கேட்கும், மழை மாதிரி கொட்டும். செருப்பைக் கழட்டினதும் நின்னுரும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். இந்தக் காலத்துல எங்களுக்குள்ள ஒட்டுதல் கூடிருச்சு. காலையில பேப்பரை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறா. 'நீங்க வாசிச்சாக் கேட்க நல்லாருக்கு'ங்கிறா. கல்யாணமான புதுசுல கூட இப்படிச் சொன்னதில்லை. சாயங்காலம் கோயிலுக்குப் போனா என் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் நடக்கிறா. படி வந்துருச்சான்னு என்னைக் கேட்கிறா. ஊசியில நூல் கோத்துக் குடுங்கன்னு என்கிட்ட வர்றா. வயசானா அன்பு திரும்பி வரும் போல. நான் அதையெல்லாம் நினைச்சுத்தான் இந்த மானிட்டரை எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துரணும்னு அலையறேன்.

அதுக்குள்ள இன்னொரு தப்பு நடந்துபோச்சு. போன வாரம் ஒரு காதுகுத்துப் பத்திரிகையில தாய்மாமன் ஒருத்தர் பேரே விட்டுப்போச்சு. நல்லவேளை, அச்சுக்குப் போகறதுக்கு முன்னாடி அண்ணாச்சி பார்த்துட்டாரு. அன்னைக்குத் திரை முழு அளவுலதான் இருந்துச்சு, நான் பக்கத்துலயேதான் இருந்தேன். அப்படியும் எப்படி விட்டுப்போச்சுன்னுதான் எனக்குப் புரியலை. அண்ணாச்சி போன்ல, 'இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, அக்கா, நான் வேற ஆளைத்தான் பார்க்கணும். மனசு கஷ்டப்படாதீங்க'ன்னுட்டாரு. அமுதவல்லி போனை வச்சுட்டு அப்படியே உட்கார்ந்திருந்தா. சாப்பிடலை. இதுக்கெல்லாம் காரணம் மேலயும் கீழயும் ஏறி இறங்குற இந்தத் திரைதான், கண்ணு ஒரு அளவுக்குப் பழகவே விட மாட்டேங்குது, இதுக்கு ஒரு முடிவு கட்டணும்னு, இன்னைக்குக் காலையிலயே ரெண்டையும் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன். 'வேண்டாங்க, வெயில்ல அலையாதீங்க, நானே எப்படியோ சமாளிச்சுக்கிறேன்'னா. வாசல் வரைக்கும் வந்து ஒயர்ப் பையைப் பிடிச்சு இழுத்தா. நான் கேட்கலை.

ஃபர்ஹானா பொண்ணு எல்லாம் போட்டுப் பார்த்துருச்சு. 'சார், மானிட்டர்ல ஒண்ணுமில்லை, லேப்டாப்புல ஒண்ணுமில்லை, ஒயரும் நல்லாருக்கு. இது தானா இறங்காது. யாரோ செட்டிங்ஸ்ல போய் மாத்துறாங்க'ன்னுச்சு. வீட்டுல ரெண்டு பேர்தாம்மா, நான் மாத்தலைன்னேன். 'மேடமையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே சார். அவங்களுக்கு எந்த அளவு தோதா இருக்குன்னு கேட்டு வச்சுரலாம்'னுச்சு. இதுல தோது என்னம்மா தோது, அளவுதான் பெட்டியிலயே போட்டிருக்குதேன்னேன்.

அப்புறம் அதுகிட்டக் கெஞ்சி ஒரு காரியம் பண்ணினேன். அந்த செட்டிங்ஸையே பூட்டி வைக்கச் சொல்லிட்டேன். பாஸ்வேர்ட் போட்டாத்தான் திறக்கும். அந்தப் பொண்ணுக்கு மனசே இல்லை. 'நல்லா யோசிச்சுக்கோங்க சார்'னு ரெண்டு தடவை சொல்லுச்சு. யோசிச்சு யோசிச்சுத்தான் தலைமுடி கொட்டிப்போச்சு, போடும்மான்னேன். போட்டுருச்சு. இனி எவனாலயும் இறக்க முடியாது. எழுத்து அளவும் நூறுல நிக்கும், திரையும் முழுசா நிக்கும். பாஸ்வேர்ட் என் ஒருத்தனுக்குத்தான் தெரியும். இன்னைக்குத்தான் தம்பி எனக்கு நிம்மதி. கை காலெல்லாம் விட்டுப்போச்சு, இருந்தாலும் நிம்மதி.

காரியாபட்டி வந்துருச்சு போல. இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ஆங், சொல்லு. பஸ்ல வந்துக்கிட்டிருக்கேன். காரியாபட்டி. எல்லாம் முடிஞ்சது. சரியாயிருச்சு. ஆமா, முழுசா. பூட்டியாச்சு. பூட்டுன்னா, அந்த செட்டிங்ஸையே பூட்டியாச்சு, இனி இறங்கவே இறங்காது. ஆமா. பாஸ்வேர்ட் எங்கிட்டத்தான் இருக்கு, நீ ஏன் அதைப் போட்டு மனசுல ஏத்திக்கிறே? உனக்கு எதுக்கு? நீ உட்கார்ந்து வேலையைப் பாரு, போதும். ஹலோ. ஹலோ, இருக்கியா? என்னது? யாருகிட்டச் சொன்னே? எப்ப? ஏன், அவரு ஏதாவது சொன்னாரா? அப்புறம் என்ன? சரி, அப்ப நான் இதை யாருக்குத் தூக்கிட்டு வர்றேன்? ம். ம். சரி வை.

வச்சுட்டா.

என்ன சொன்னா தெரியுமா தம்பி? அண்ணாச்சிக்கு இப்பத்தான் போன் பண்ணிச் சொல்லிட்டாளாம், இனிமே பத்திரிகை அனுப்ப வேண்டாம்னு. நான் கிளம்பினப்பவே முடிவு பண்ணிட்டாளாம். அந்த அளவை அவளே மாத்திக்க வழி இருக்கான்னு மட்டும் கேட்கத்தான் கூப்பிட்டாளாம், கடைசியா ஒரு தடவை. இவ்வளவு அலைஞ்சு, இவ்வளவு தூக்கிச் சுமந்து, எல்லாம் சரியான அன்னைக்கு வேண்டாம்கிறா. இதுக்கு நான் என்ன சொல்றது? ஒரு வகையில நல்லதுதான். ஓய்வா இருக்கட்டும். நானே எத்தனையோ நாள் சொல்லணும்னு நினைச்சதுதான்.

அப்ப இது யாருக்குன்னு கேட்டேன்ல, அதுக்கு அவ சொன்னதுதான் தம்பி. 'நீங்க பாருங்க. உங்களுக்குத்தானே முழுசாத் தெரியணும்'னா.

கோபமாச் சொல்லியிருந்தா எனக்குப் பழக்கம்தான். கோபமே இல்லை. அடுத்து, வெயில்ல வெறும் வயித்தோட வராதீங்க, பஸ் ஸ்டாண்டுல ஏதாவது குடிச்சுட்டு வாங்கன்னுட்டு வச்சுட்டா. என்னமோ போல இருக்கு தம்பி. வீட்டுக்குப் போனதும் அவகிட்ட ஒண்ணு கேட்கணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. என்னத்தைக் கேட்கிறதுன்னுதான் தெரியலை.